மெரினாவா, பெசன்ட் நகரா, கோவளமா, மாமல்லபுரமா: முதலில் நேரத்தைச் சொல்லுங்கள்

சென்னைக்கு விருந்தாளி வந்து இறங்கியதும் எந்த வீட்டிலும் முதலில் கிளம்புகிற கேள்வி, எந்த பீச்சுக்குக் கூட்டிப்போவது என்பதுதான். ஒருவர் மெரினா என்பார், இன்னொருவர் அங்கே ஒரே கூட்டம், பெஸி (பெசன்ட் நகர்) போகலாம் என்பார், கார் இருக்கிற சித்தப்பா ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், மகாபலிபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வரலாம் என்பார். இந்த விவாதத்தில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எத்தனை மணிக்குப் போகப் போகிறோம்? என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுந்து, சாயங்காலம் நமக்குப் பின்னால் கட்டடங்களுக்கு நடுவே போய் மறைகிறது. கோவா படங்களைப் பார்த்துவிட்டு இங்கே மாலையில் சூரிய அஸ்தமனத்தைத் தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அதே ஆட்களை விடியற்காலையில் கொண்டுபோய் நிறுத்துங்கள், வாயடைத்துப் போவார்கள்.

மெரினாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது காலைக்கான கடற்கரை. மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும். அதற்குக் கால் மணி நேரம் முன்னால் உழைப்பாளர் சிலைப் பக்கம் போய்விட்டால், தேபி பிரசாத் ராய் சௌத்ரி செய்த அந்த நாலு பேரும் பாறையை நெம்பிக்கொண்டு நிற்பதை இருட்டு வடிவமாக, வெளுக்கிற வானத்தை ஒட்டிப் பார்க்கலாம். 1959இலிருந்து அங்கே நிற்கிறார்கள். அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், நடைபாதையில் வேக நடை போகிறவர்களோடு கலந்து நடந்துவிடலாம். வழியில் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் வரும். 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம்.

இவ்வளவு அகலமான மணல் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது, கரையோரமாக வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணலை அதன் சுவர் தடுத்துவிட்டது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாவாக விரிந்தது, மணல் வராமல்போன வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊரை அரிக்க ஆரம்பித்தது. நாம் காற்று வாங்குகிற மணல் வடசென்னைக்குப் போய்ச் சேராத மணல் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1880களில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு, மெரினா என்ற பெயரையும் வைத்தார்.

சரி, மெரினாவின் குறை என்ன? தண்ணீர். சாலையிலிருந்து அலை வரைக்கும் பல இடங்களில் 300 மீட்டருக்கு மேல் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும், வயதானவர்களுக்கு அதுவே பெரிய வேலை. (மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை ஒன்றுக்காகவே மெரினாவுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.) அப்படியே நடந்து போய்ச் சேர்ந்தாலும் குளிக்கக் கூடாது. கரையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அலை வரும்போது ஒன்றும் தெரியாது, திரும்பும்போது குதிகாலுக்கு அடியில் இருக்கிற மணலை மட்டும் சரசரவென்று உருவிக்கொண்டு போகும், உடம்பு தானாகப் பின்பக்கம் சாயும். கரை அவ்வளவு சரிவு. கணுக்கால் ஆழத்திலேயே இப்படி என்றால் இடுப்பளவில் எப்படி இருக்கும்? காணும் பொங்கலன்று கட்டை கட்டி, தண்ணீர் பக்கமே போகவிடாமல் போலீஸ் நிற்பது சும்மா இல்லை.

மாலை மெரினா வேறு உலகம். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுவது, குதிரை, ஞாயிற்றுக்கிழமையில் ஊரே திரண்ட மாதிரி ஒரு கூட்டம். காசு பெரிதாக இல்லாத குடும்பமும் இருக்கிற குடும்பமும் பக்கத்துப் பக்கத்தில் மணலில் உட்கார்கிற இடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? கூட்டம் பிடிக்கும் என்றால் தாராளமாக மாலையில் போங்கள். கடல் பார்க்க வேண்டும் என்றால் காலை. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, மேலிருந்து பார்த்தால்தான் அந்த மணல் எவ்வளவு அகலம் என்பது கண்ணுக்கு உறைக்கும்.

மாலைக்கு என் ஓட்டு பெசன்ட் நகருக்கு, அதாவது எலியட்ஸ் பீச்சுக்கு. மெரினாவோடு ஒப்பிட்டால் சின்னது. சாலையிலிருந்து தண்ணீர் கிட்டத்தில், சுற்றிலும் சாப்பிட நல்ல கடைகள், ஒரு பக்கம் வேளாங்கண்ணி மாதா கோயில், இன்னொரு பக்கம் அஷ்டலட்சுமி கோயில். பாட்டியையும் பேரனையும் ஒன்றாக அழைத்துப் போனால் இருவருமே முணுமுணுக்காத இடம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழா, அந்த நாட்களில் வண்டியோடு அந்தப் பக்கம் போவதை மறந்துவிடுங்கள், பேருந்துதான் சரி.

அஸ்தமனம் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு ஈடாக நமக்கு நிலா உண்டு. பௌர்ணமியன்று சூரியன் பின்னால் இறங்குகிற அதே வேளையில் நிலா முன்னால் கடலிலிருந்து வரும், முதலில் அழுக்கு ஆரஞ்சு நிறத்தில், தொடுவானத்துப் புழுதியில் கொஞ்சம் நசுங்கின மாதிரி. மேற்குக் கடற்கரைக்காரர்களுக்கு இது கிடைக்காது. மாலையில்தான் போக முடியும் என்கிறவர்கள் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு நாளை முடிவு செய்யுங்கள், எலியட்ஸோ அதற்குத் தெற்கே இன்னும் அமைதியான திருவான்மியூர் கடற்கரையோ, எதுவானாலும் பலன் ஒன்றுதான்.

எலியட்ஸிலும் குளிப்பது ஆபத்து. மணலில் வெள்ளையாக நிற்கிற வளைவு என்னவென்று தெரியாமலே பலர் அதன்முன் நின்று படம் எடுக்கிறார்கள். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாகக் கட்டியது அது. இந்தக் கடலைப் பற்றி அதைவிடத் தெளிவான எச்சரிக்கைப் பலகை தேவையில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் வரலாம். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட இரவில் கரையேறுகிற காலம் அது. 1988இலிருந்து மாணவர்கள் நடத்துகிற ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். கண்டிப்பாக ஆமை தென்படும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் குழந்தைகளுக்கு எந்தத் தீம் பார்க்கையும் விட இந்த நடையைத்தான் நான் சொல்வேன். 2025 தொடக்கத்தில் செத்த ஆமைகள் இதே கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைப் பார்த்த பிறகு, மக்கள் இதை நேரில் வந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இன்னும் உறுதியாகியிருக்கிறது.

அப்படியானால் தண்ணீரில் இறங்க எங்கே போவது? சென்னைக்குத் தெற்கே ஈசிஆரில் இருக்கிற கோவளம், அதுவும் காலையில். இந்த நாலில் தண்ணீருக்காகவே போகக்கூடிய இடம் இது ஒன்றுதான். 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது, அதே சமயம் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் கிடைத்தது. சான்று என்றால் வெறும் கொடி இல்லை, தண்ணீரின் தரத்தைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும், குளிக்கும் பகுதியைக் குறித்துக் காட்ட வேண்டும், உயிர்காப்பாளர், உடை மாற்றும் அறை, கழிப்பறை என்று எல்லாம் வேண்டும். கடலில் நனைந்த குழந்தையை ஈர உடையோடு காரில் ஏற்றி ஒன்றரை மணி நேரம் ஓட்டிய யாருக்கும் அந்த உடை மாற்றும் அறையின் அருமை புரியும். சான்று வாங்கிய பகுதி கோவளம் கரை முழுவதும் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். குறித்த எல்லைக்கு வெளியே இருப்பது நம் வழக்கமான வங்கக் கடல்தான், அங்கே இறங்காதீர்கள்.

கோவளத்துக்கு இன்னொரு பலம் அலைச்சறுக்கு. மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் பலகையில் நின்று பழகி, இன்று பயிற்சியாளர்களாக இருக்கிறார்கள். கடலைச் சின்ன வயதிலிருந்து படித்தவர்கள் சொல்லித்தருவதால் முதல்முறை பலகை ஏறுகிறவர்களுக்கும் பயம் குறையும். வெயில் ஏறுவதற்குள், ஒன்பது மணிக்கெல்லாம் கரையேறிவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். அப்புறம் மணல் கொதிக்க ஆரம்பித்துவிடும்.

மாமல்லபுரத்தை இந்தப் பட்டியலில் கடற்கரை என்று சேர்ப்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. பீச்சுக்காக அவ்வளவு தூரம் போகிறவர்கள் கோவளத்திலேயே நின்றுவிடலாம். மாமல்லபுரத்துக்குப் போவது கல்லுக்காக. கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. ஐந்து ரதங்களையும் குகைகளையும் பாறையிலிருந்து குடைந்தவர்கள், இங்கே கல்லைக் கல்லின்மேல் அடுக்கிக் கட்டினார்கள். மதிலின்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நந்திகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். உப்புக் காற்று தின்று தின்று பலவற்றுக்கு முகமே இல்லை, கொம்பும் கண்ணும் கரைந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. ஊருக்குள் இருக்கிற அர்ச்சுனன் தபசுப் பாறையில் அதே பல்லவர் காலத்து உளி வேலை இன்னும் கூர்மையாக நிற்கிறது: யானைக்குப் பக்கத்தில் எலிகளை ஏமாற்றத் தவம் செய்கிற பூனை, பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மான். இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் கடல் ஒரு கல்லை என்ன செய்யும் என்பது கைடு சொல்லாமலே விளங்கும்.

தபசுப் பாறைக்குக் கட்டணம் இல்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் டிக்கெட் வேண்டும், ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கேயும் காலைதான் ராஜா, பாறைகள் சூடாவதற்கு முன் முடித்துவிட வேண்டும். நேரம் மிஞ்சினால் வடக்கே சாளுவன்குப்பம் போங்கள். புலிக்குகை எல்லோருக்கும் தெரியும், அதன் அருகிலேயே 2004 சுனாமிக்குப் பிறகு தோண்டியெடுத்த முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது, பாதிப் பேர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். கோவளமும் காலை, மாமல்லபுரமும் காலை. அதனால்தான் ஒரே நாளில் ஈசிஆர் முழுவதையும் பார்ப்பது என்ற திட்டத்தை எதிர்க்கிறேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உச்சி வெயிலை நிழல் உள்ள ஓரிடத்தில் கழியுங்கள். அந்த நிழலுக்குத்தான் உண்மையான போட்டி: முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, அதற்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணை.

பெரியவர்களோடு போனால் தட்சிணசித்ரா. 1996இல் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நாலிலிருந்தும் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, வெளியே கொளுத்துகிறது, உள்ளே முற்றத்து வழியாகக் காற்று இறங்குகிறது. ஆந்திரக் கடலோரத்து வட்ட வீட்டைத் தவறவிடாதீர்கள், புயல் காற்று மோதாமல் சுற்றிப் போய்விட வேண்டும் என்பதற்காக மூலையே இல்லாமல் கட்டியது. கடலைப் பார்த்துவிட்டு வந்த அதே நாளில் அதைப் பார்ப்பது பொருத்தமாகவும் இருக்கும்.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் முதலைப் பண்ணைதான், விவாதமே இல்லை. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது, மரங்கள் அடர்ந்த வளாகம், கடல் பக்கத்திலேயே. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுப்பதைக் காட்டும்போது கட்டாயம் நின்று பாருங்கள். வாய் கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பைப் பாம்பு கடிக்கும், உள்ளே மங்கலான மஞ்சளில் இரண்டு மூன்று சொட்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலின் விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து தயாராகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்த சமூகம், அந்த வியாபாரத்தைச் சட்டம் தடுத்த பிறகு 1978இல் சங்கம் அமைத்து உயிர் காக்கிற வேலைக்கு வந்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள்.

முட்டுக்காடு படகுக் குழாமை மதியத்தில் தவிருங்கள், தண்ணீர்மேல் நிழலே கிடையாது, மாலை நாலு மணிக்கு மேல் என்றால் நன்றாக இருக்கும். பொழுதுபோக்குப் பூங்காக்கள் வழியில் வரிசையாக இருக்கின்றன, அவை வேறு எந்த ஊரிலும் கிடைப்பவை.

கிளம்புவதற்கு முன் கிழமையைப் பாருங்கள்: முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது கோவளத்திலும் கடல் முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மாதங்களில் வருகிற விருந்தாளிகளை மழை விட்ட ஒரு காலையில் மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போங்கள், ஈரப் பாறையில் சிற்பங்களின் கோடுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். கடலில் குளித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களை மட்டும் பிப்ரவரிக்கு வரச் சொல்லுங்கள்.