ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பதிப்புகள்: 'வால்ட்ஸ் ஃபார் டெபி' வினைல் மறுவெளியீடுகள்

ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தை வினைல் இசைத்தட்டில் வாங்க விரும்புவோர் பெரும்பாலும் மூன்று பதிப்புகளுக்கிடையே தயங்குகிறார்கள்: 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' வரிசையில் கிராஃப்ட் ரெகார்டிங்ஸ் 2023இல் கொண்டுவந்த ஒற்றை எல்பி (நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டு), அனலாக் புரொடக்ஷன்ஸ் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகளாக வெளியிட்ட பதிப்பு, அன்றைய பதிவுகள் யாவையும் நான்கு தட்டுகளில் அடக்கி 2014இல் வந்த பெட்டித் தொகுப்பு. தட்டுகள் கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கை சேகரிப்பாளர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி.

இந்த இசை 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்னும் நிலவறை அரங்கில் பிற்பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகளில் பதிவானது. எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷியன் டிரம்ஸ். ரிவர்சைடு நிறுவனத்துக்காக ஓரின் கீப்நியூஸ் தயாரித்தார். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார்; அவருக்கு வயது 25. ஆகவே அந்நாளின் பதிவுகளிலிருந்து முதலில் வெளிவந்த 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்' அவருடைய வாசிப்பை முன்னிறுத்தித் தொகுக்கப்பட்டது. 1962இல் வந்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி'யில்தான் எவன்ஸின் மென்மையான முகம் முழுமையாகத் தெரிகிறது. தலைப்பில் உள்ள டெபி அவருடைய அண்ணன் மகள்.

முதல் இரண்டு பதிப்புகளை ஒப்பிடுவது சுவையானது. ஏனெனில் இரண்டிலும் ஒலிப்பொறியாளர் கெவின் கிரேயின் கை இருக்கிறது. 45 சுற்றுப் பதிப்பை அவர் இன்னொரு பொறியாளரான ஸ்டீவ் ஹாஃப்மனுடன் சேர்ந்து வெட்டினார், அதாவது அச்சுக்கு மூலமாகும் தட்டில் பள்ளங்களைச் செதுக்கினார். கிராஃப்ட் பதிப்பைத் தம்முடைய கோஹியரன்ட் ஆடியோ கூடத்தில், மூல நாடாவிலிருந்து முழு அனலாக் முறையில், அதாவது ஒலியை இடையே எங்கும் டிஜிட்டலாக மாற்றாமல், வெட்டினார். ஆகவே செவியில் படும் வேறுபாட்டில் ஒரு பங்கு அணுகுமுறை சார்ந்தது. மற்றொரு பங்கு சுழல் வேகத்தின் கணக்கு.

தட்டின் உள்விளிம்பை ஒட்டி, மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தொலைவில், 33⅓ சுற்றுத் தட்டில் ஊசியின் கீழே பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 45 சுற்றில் அது 28 சென்டிமீட்டர் ஆகிறது. வேகம் கூடக்கூட ஒலியலை பள்ளத்தில் நீட்டி எழுதப்படுவதால், மோஷியனின் சிம்பல் போன்ற உயர் அதிர்வெண்களை ஊசி பிசகாமல் தொடர்கிறது. ஒற்றை எல்பியில் இரண்டாம் பக்கத்தின் இறுதியில், உள்விளிம்பை நெருங்கி வரும் 'மைல்ஸ்டோன்ஸ்' இந்த ஆல்பத்தின் விரைவான பகுதி. 45 சுற்றுப் பதிப்பின் மேன்மை அங்கேதான் ஐயமின்றிக் கேட்கிறது.

பியானோவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பாடகரின் குரலிலோ வயலினிலோ சுருதி சற்றே அசைந்தால் அது கமகத்தோடு கரைந்துவிடும். பியானோவின் நீண்டு நிற்கும் சுரத்துக்கு அந்த மறைவிடம் இல்லை. தட்டின் துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், உள்விளிம்பில் சுருதி மேலும் கீழுமாக 0.8 விழுக்காடு, அதாவது ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு, ஊசலாடும். வெளிவிளிம்பில் அது பாதிக்கும் குறைவு. எவன்ஸ் சுரங்களைத் தாங்கிப் பிடித்து மறைய விடும் 'மை ஃபூலிஷ் ஹார்ட்' முதல் பக்கத்தின் தொடக்கத்தில் அமைந்திருப்பது ஒற்றை எல்பிக்கு வாய்த்த நல்லூழ். ஆயினும் அதே பக்கத்தை முடித்துவைக்கும் மெல்லிசை 'டீடூர் அஹெட்' உள்விளிம்பில் சிக்கிக்கொள்கிறது. தட்டு வந்தவுடன் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். அட்டையில் அச்சிட்டுப் பெருமைப்படும் 180 கிராம் எடை இக்குறையை ஒருபோதும் தீர்ப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் என் தேர்வு ஒற்றை எல்பியே. ஆறு பகுதிகள், பக்கத்துக்கு மூன்று வீதம், ஏறத்தாழ 19 நிமிடங்கள் என்பது 33⅓ சுற்றுக்கு இறுக்கமில்லாத அளவு. பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 45 சுற்றிலோ ஓரிரு பகுதிகள் முடிந்தவுடனே எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. நாட்டியம்போல் மிடுக்காக நடக்கும் இசைக்கு அது பொறுக்கலாம். கோப்பைகளின் சிணுங்கலும் பின்மேசைப் பேச்சும் ஊடாக வர, ஒரு மனநிலையைப் பக்கம் முழுவதும் கட்டிக் காக்கும் இந்த ஆல்பத்துக்கு அது பொருந்தவில்லை. உயர்தர ஊசியும், அதைத் தாங்கும் நன்கு சரிசெய்த ஊசிக்கையும் உடையவருக்கு 45 தரும் கூடுதல் தெளிவு குறைவாகவே படும். மலிவான கூம்பு ஊசியோடு இருப்பவருக்கு அது பெரிதாகத் தெரியும். விந்தை என்னவென்றால், அந்த இரண்டாமவர் இந்த விலைக்குப் பதிப்பு வாங்குவது அரிது.

'முழு அனலாக்' என்ற சொற்றொடரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேகரிப்பாளர்களுக்கான மறுவெளியீடுகளைத் தரும் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் தன் தட்டுகள் பலவற்றில் இடையே ஒலியை டிஜிட்டலாக மாற்றும் ஒரு படியைப் பயன்படுத்தி வந்தது 2022இல் வெளியானபோது பெரும் சினம் எழுந்தது. ஆனால் அதுவரை அத்தட்டுகளைப் புகழ்ந்த காதுகள் அந்தப் படியைக் கண்டுபிடிக்கவில்லை. வாங்குபவருக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது வேறு. அந்த அடையாளத்துக்காகவே கூடுதல் விலை தருவது வேறு.

பெட்டித் தொகுப்பை இவற்றோடு ஒரே தராசில் வைப்பது சரியன்று. அது அந்நாளை நடந்த வரிசையில் தருகிறது: மின்தடையால் நடுவே அறுந்துபோன 'குளோரியாஸ் ஸ்டெப்' முதல் முயற்சியும் அதில் உண்டு, ஒரே பாடலின் இரண்டு மூன்று வாசிப்புகளும் உண்டு. பிற்பகல் வாசிப்புக்கும் இரவு வாசிப்புக்கும் இடையே லஃபாரோ தம் பாஸ் வரிகளை எப்படி மாற்றுகிறார் என்று பின்தொடர வேறு வழியில்லை. ஆனால் எவன்ஸும் கீப்நியூஸும் உட்கார்ந்து தேர்ந்து, கோத்து அமைத்த ஆல்பம் அதற்குள் கரைந்துவிடுகிறது. ஏற்கெனவே ஆல்பத்தை மனப்பாடமாக அறிந்தவர் அடுத்ததாக வாங்க வேண்டியது அது. முதன்முறை கேட்பவர் கிராஃப்ட் பதிப்பை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்' ஆல்பத்தின் ஒற்றைத் தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.