விக்டோரியா காலக் காதல் நாவல்: 1850-களா, 1880-களா?

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அத்தனை ஆண்டுகளையும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். காதல் நாவல் எழுத உட்காருபவருக்கு அந்தப் பெயர் போதாது. எந்தப் பத்தாண்டு, முடிந்தால் எந்த ஆண்டு என்று முடிவு செய்தாக வேண்டும். எனக்கு எதிரே நின்றவை இரண்டு: 1850-களின் நடுப்பகுதி, 1880-களின் நடுப்பகுதி. நான் 1856-ஐ எடுத்துக்கொண்டேன். இன்னொரு நாவல் எழுதினாலும் அதையேதான் எடுப்பேன். 1880-களிலும் எழுதத் தகுந்த கதைகள் உண்டு, ஆனால் அவை வேறு வகைக் கதைகள்.

உடையையும் விளக்கையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1856-ல் எஃகு வளையங்கள் கோத்த கூண்டுப் பாவாடை வந்தது. 1880-களில் பாவாடை பின்புறம் மட்டும் புடைத்து நின்றது. முன்னதில் வீதியெங்கும் எரிவாயு விளக்கு. பின்னதில் சில இடங்களில் மின்விளக்கு. ரயில் இரண்டிலும் ஓடுகிறது. பழைய படங்களைச் சில நாள் புரட்டினால் இவையெல்லாம் கைவந்துவிடும்.

கடிதம் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. லண்டன் தெருக்களில் தபால் பெட்டி வந்தது 1855-ல்தான். அதற்கு முன் ஒரு கடிதத்தை அனுப்ப வேண்டுமானால் தபால் வாங்கும் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அல்லது வேலைக்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். யாராவது ஒருவர் கண்ணில் முகவரி பட்டுவிடும். பெட்டி வந்தபின், உலாவப் போகும் பெண் தன் கையாலேயே கடிதத்தைப் போட்டுவிட்டு நடக்கலாம். இரகசியக் காதலுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1856-ல் அது புத்தம் புதிய சுதந்திரம். 1880-களில் அது பழகிப்போன தெருச் சாமான். (நிறத்திலும் கவனம் தேவை. 1859-க்குப் பின் பச்சைதான் பொது நிறம். சிவப்புக்கு மாறத் தொடங்கியது 1874-ல்.)

நாயகன் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. 1856-ல் சூயஸ் கால்வாய் இல்லை. எகிப்தில் இறங்கி, தரைவழி கடந்து, மறுபடி கப்பல் ஏறி வரும் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்கும் மேல் ஆகும். பதில் வர அதே அளவு காலம். 1870-ல் கடலடித் தந்தி பம்பாயைத் தொட்டபின், ‘கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, உடனே வா’ என்ற செய்தி போய்ச் சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிவில் வாழும் கதைக்கு முந்தைய காலமே தோது.

ஆனால் என்னை 1856-ல் கட்டிப்போட்டது கடிதம் அல்ல, சொத்துச் சட்டம். இதைப் படிக்காமல் இந்தக் காலத்துக் காதலை எழுதவே முடியாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் பொதுச் சட்டப்படி, தாலி கட்டாத நாடாக இருந்தாலும், கல்யாணம் ஆன கணமே பெண்ணின் தனிச் சட்ட உருவம் கணவனுக்குள் கரைந்துவிடும். அவள் கையிருப்புப் பணம், நகை, நாற்காலி மேசை எல்லாம் அவனுடையவை. அவளுடைய நிலத்தை அவள் சம்மதமின்றி அவன் விற்க முடியாது, ஆனால் குத்தகைப் பணம் அவன் கைக்குத்தான் போகும். அவள் உழைத்துச் சம்பாதித்தால் அந்தக் கூலியும் அவனுக்கே. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர், கணவரைப் பிரிந்து வாழ்ந்த நிலையிலும், தன் புத்தகங்களின் வருமானத்துக்கு அவர் உரிமை கோருவதைத் தடுக்க வழியில்லாமல் நின்றார். 1855-ல் அரசிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மார்ச்சில், மணமான பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டு ஏறத்தாழ 26,000 கையெழுத்துகளுடன் ஒரு மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. என் நாயகி காலை உணவு மேசையில் படிக்கும் செய்தித்தாளில் இந்த மனு இருக்கிறது.

பணக்காரத் தந்தைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: திருமணத்துக்கு முன் எழுதப்படும் சொத்துப் பத்திரம். பெரிய தோல் தாள்கள், நிறுத்தற்குறியே இல்லாமல் ஓடும் வரிகள், கீழே வரிசையாக அரக்கு முத்திரைகள். மணமகன், மணமகள், அவளுக்காகச் சொத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் டிரஸ்டிகள் என்று மூன்று தரப்பு. பெண்ணின் 5,000 பவுண்டை டிரஸ்டிகள் 3 சதவீத அரசுக் கடன் பத்திரங்களில் போடுவார்கள். ஆண்டுக்கு 150 பவுண்டு, இரண்டு தவணையாக, அவளுடைய தனிப் பயனுக்கு மட்டும் வரும். கணவனின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. இதற்கும் மேலே ஒரு வாசகம் சேர்ப்பார்கள்: இனி வரப்போகும் வருமானத்தை அவளே நினைத்தாலும் முன்கூட்டி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. மிரட்டியோ கொஞ்சியோ கணவன் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்கான பூட்டு இது.

இதைப் புரிந்துகொண்டதும் என் கதையே தலைகீழானது. காதல் நாவல்களில் கண்டிப்பான தந்தையும் அவருடைய வக்கீலும் வில்லன்கள். இரவோடிரவாக ஓடிப்போவது வீரம். உண்மையில் ஓடிப்போகும் பெண்ணிடம் பத்திரம் இராது. அவன் நல்லவனாக அமைந்தால் தப்பித்தாள். இல்லையென்றால் தாய் விட்டுச்சென்ற முத்துமாலைகூட அவளுடையது அல்ல. எரிச்சலூட்டும் அந்த வக்கீல்தான் அவளுக்கிருந்த ஒரே கவசம். ‘என்னை நம்பு, பத்திரம் எதற்கு?’ என்று காதலன் கேட்கும் ஒரே ஒரு வாக்கியத்தில் காதலும் ஆபத்தும் சேர்ந்தே நிற்கின்றன. அந்தக் காட்சியை எழுதும்போது வேறு எந்தத் தடையையும் நான் கற்பித்துச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

மீளும் வழியும் கிடையாது. விவாகரத்து நீதிமன்றம் 1858 ஜனவரியில்தான் திறந்தது. அதற்கு முன் முழு விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். அப்படிப் பெற்ற பெண்கள் மொத்தம் நான்கே பேர்.

ஆண்டைத் துல்லியமாக 1856 என்று வைத்ததற்குக் காரணம் ஸ்காட்லாந்து. எல்லை தாண்டி, கிரெட்னா கிரீன் என்ற சிற்றூரில் சாட்சிகள் முன் சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்தது. பெற்றோர் சம்மதம் தேவையில்லை. 1856-ல் வந்த சட்டம் அதற்குத் தடை போட்டது: அவ்வாண்டு முடிந்தபின், இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும். ஆக, டிசம்பர் 31-க்குள் போனால் உண்டு. லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி கார்லைல் வழியாக ஒரே பயணத்தில் எல்லையைத் தொடலாம். கதைக்குக் கெடுவை நாடாளுமன்றமே வைத்துக் கொடுத்திருக்கிறது.

இங்கிலாந்துக்குள் தேவாலயத்தில் மணம் முடிப்பவர்களுக்கும் கடிகாரம் உண்டு. காலை 8 முதல் நண்பகல் 12-க்குள் முடிய வேண்டும். பிற்பகல் 3 வரை நீட்டியது 1886-ல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாலைக் கல்யாணம் எழுத ஆசைப்பட்டால், கேன்டர்பரி பேராயரின் சிறப்பு உரிமத்தைக் கதைக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

1880-கள் ஆய்வுக்கு எளிது, அதை ஒப்புக்கொள்கிறேன். புகைப்படங்கள் மிகுதி. விவாகரத்து வழக்குகளின் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1858 முதல் இருக்கின்றன. குடும்பச் சண்டைகளை அந்தக் காலத்துப் பேச்சிலேயே படிக்கலாம். நாயகி தட்டச்சு செய்யலாம், தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கலாம், கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் படிக்கலாம். வேலைக்குப் போகும் பெண்ணின் காதலை எழுத விரும்புபவர் இந்தப் பக்கம் வருவதே சரி. 1890-களில் நான் எழுதிப் பார்த்ததில்லை, அதனால் சைக்கிள் ஓட்டும் நாயகிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன். தொழிலாளர் குடும்பங்களைப் பற்றியும் என் வாசிப்பு குறைவு. நான் சொன்ன பத்திரக் கணக்கு சொத்துள்ள வீடுகளுக்கே பொருந்தும்.

1870-ல் வந்த சட்டம் மனைவியின் கூலியை அவளுக்கே கொடுத்தது. 1882-ன் சட்டம், 1883 ஜனவரி 1 முதல், சொத்து முழுவதையும் கொடுத்தது. அதற்குப் பின் மணம் முடிக்கும் பெண்ணிடம் பணத்துக்காக வரும் வில்லனின் பல் பிடுங்கப்பட்டுவிடுகிறது. அங்கே தடையை வர்க்கத்திலோ மதத்திலோ படிப்பிலோ தேட வேண்டும். ஆனால் ஒரு நுட்பம் மிச்சமிருக்கிறது. ஏற்கெனவே மணமானவர்களுக்கு, 1883-க்குப் பின் கைக்கு வரும் சொத்து மட்டும்தான் சொந்தம். முன்பு கணவனிடம் போனது போனதுதான். 1875-ல் மணந்த அத்தையும் 1884-ல் மணக்கும் மருமகளும் ஒரே வீட்டில் இரண்டு சட்டங்களின்கீழ் வாழ்வார்கள். என்னை யாராவது கட்டாயப்படுத்தி 1880-களில் எழுதச் சொன்னால், அந்த இருவரையும் வைத்துத்தான் தொடங்குவேன்.