ஹட்டன் குளிரில் ஒரு ஸ்டீம் ஓவன்: எட்டு மாதம் பாவித்த பிறகு

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டார். "என்னங்க, இங்க வந்து பாருங்க, தரையெல்லாம் தண்ணி." ஆவியில் அவிக்கிற எங்கள் புது ஓவனின் கதவுக்கு அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெந்துத் தரையில் ஓடி அரிசி மூட்டை வரைக்கும் போயிருந்தது. மேலே இருந்த சுவர் அலுமாரியின் அடிப்பலகை நனைந்து ஊறியிருந்தது. உள்ளே 24 இடியப்பம். மேல் தட்டில் இருந்தவை நடுவில் குழி விழுந்து களியாகக் கிடந்தன. அன்றைக்கு இரண்டு கடைகளுக்கு ஆர்டர் கொடுக்க முடியவில்லை.

நான் 22 வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலையைக் காய வைக்கும் டிரையர் பக்கம் வேலை செய்தவன். சூடான காற்றும் ஈரமும் எப்படி நடந்துகொள்ளும் என்று கையால் பழகியவன். அதனால் ஓவனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கண்டியில் ஒரு கடையில் மாதத் தவணைக்கு வாங்கியது இது. உள்ளளவு 28 லீட்டர். பின்பக்கம் 1,200 வாட் பொயிலர், அடித்தட்டுக்குக் கீழே ஒரு ஹீட்டர், பின்சுவரில் காற்றாடியோடு இன்னொரு ஹீட்டர். எல்லாம் 13 அம்பியர் பிளக்கிலேயே ஓடும். கம்பெனிப் பெயரை நான் போடவில்லை. மேசையில் வைக்கும் ஓவன்களில் இந்த அமைப்புத்தான் பெரும்பாலும் வருகிறது. அதைப் புரிந்துகொண்டால் எதை வாங்கினாலும் உதவும்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லீட்டருக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். அப்படியென்றால் 28 லீட்டர் பெட்டிக்குள் ஒரு நேரத்தில் நிற்கக்கூடிய ஆவி 15 கிராம் அளவுதான். ஆனால் ஒரு தடவை அவிப்பதற்குத் தொட்டியிலிருந்து அரை லீட்டர் போகிறது. மிச்சம் எல்லாம் எங்கே? கொஞ்சம் இடியப்பத்தில் படிந்து அதை வேக வைக்கிறது. அது நமக்கு வேண்டியது. ஆவி மறுபடி தண்ணீராகும்போது விடுகிற சூட்டில்தான் சாப்பாடு அவ்வளவு சீக்கிரம் வேகிறது. மற்றதெல்லாம் குளிர்ந்த சுவரிலும் கதவுக் கண்ணாடியிலும் படிகிறது, அல்லது வெளியே ஓடுகிறது. ஸ்டீம் ஓவனை எடைபோட வேண்டியது இங்கேதான். ஆவி எவ்வளவு வருகிறது என்பதைவிட, வந்த ஆவி எங்கே போய் முடிகிறது என்பதைப் பாருங்கள்.

அப்புறம் உயரம். கையேட்டில் அவிப்பதற்கு 100 டிகிரி வைக்கச் சொல்லியிருக்கிறது. ஹட்டன் சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94. பெட்டி முழுக்க ஆவி நிறைந்த பிறகும் உள்ளே சூடு 96-ஐத் தாண்டாது. ஓவன் 100 வரும் வரைக்கும் பொயிலரை நிறுத்தாது. வராத நான்கு டிகிரிக்காக அது விடாமல் ஆவியைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. விலை கூடிய சில ஓவன்களில் இடத்தின் உயரத்துக்கு ஏற்றபடி கொதிநிலையைச் சரிசெய்யும் வசதி உண்டு. இதில் இல்லை. நாமே 95 என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நுவரெலியாவில் இருப்பவர்கள் 93 வையுங்கள்.

மனைவி மா நிறுக்கும் தராசை எடுத்து நிறுத்தும் பார்த்தேன். 100-இல் வைத்து, குளிர்ந்த ஓவனில் நேரே 20 நிமிடம்: தொட்டியிலிருந்து போனது 530 கிராம், அடித்தட்டிலும் கதவோரக் கால்வாயிலும் துணியால் ஒற்றிப் பிழிந்து எடுத்தது 190 கிராம். அடுத்த நாள் ஆவி இல்லாமல் 110 டிகிரியில் எட்டு நிமிடம் சூடாக்கி, அப்புறம் தட்டுகளை வைத்து 95-இல் அவித்தேன். போனது 310 கிராம், ஒற்றி எடுத்தது 60. இடியப்பம் இரண்டு நாளும் ஒரே மாதிரி வெந்தது. விடியற்காலையில் எங்கள் குசினி 14, 15 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் கிடந்த இரும்பு கொதிநிலைக்கு வரும்வரை ஆவி அதில் தண்ணீராகிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டோரிலும் அப்படித்தான், டிரையரைச் சூடேற்றாமல் கொழுந்தைப் போட மாட்டோம். வெளியேறுகிற காற்று போதிய சூட்டோடு இல்லாவிட்டால் தேயிலை காய்வதற்குப் பதில் அவிந்து கெட்டுப்போகும்.

இந்த ஓவனில் நான் மனதாரப் பாராட்டுவது அடித்தட்டு ஹீட்டரை. முதலில் சூடாக்கிவிட்டுப் பாவித்தால், ஓவனுக்குள் அடியில் தேங்கும் தண்ணீரில் பெரும்பகுதியை அது மறுபடி ஆவியாக்கிவிடுகிறது, அதனால் குளம் கட்டுவதில்லை. கதவில் இரட்டைக் கண்ணாடி. உள் கண்ணாடி சீக்கிரம் சூடாகிவிடுவதால் அதில் படிவதும் இப்போது குறைவு.

குறை என்றால் முதலில் கூரைத் தகடு. அதைத் தட்டையாக அடித்து வைத்திருக்கிறார்கள். படிகிற தண்ணீர் ஓரத்துக்கு வழியாமல் நடுவில் திரண்டு சாப்பாட்டின் மேலேயே விழுகிறது. இட்லிப் பானையின் மூடி ஏன் வளைந்திருக்கிறது, அதற்குள் ஏன் துணி கட்டுகிறோம் என்று எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார். கூரையைக் கொஞ்சம் சரிவாக வளைத்திருந்தால் போதும். மனைவி இப்போது மேல் கம்பியில் ஒரு வெறும் தட்டைச் சாய்வாக வைக்கிறார்; சொட்டு அதில் விழுந்து பின்பக்கம் வழிந்துவிடுகிறது. அதனால் 24 இடியப்பம் அவித்த இடத்தில் 16 தான் அவிக்க முடிகிறது. இந்த விலைக்கு இது எனக்கு ஏற்கவே முடியாத குறை.

இரண்டாவது, ஆவி வெளியேறும் துவாரம் பின்பக்கம் மேலே இருக்கிறது. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் விடச் சொல்கிறது கையேடு. அந்த இடைவெளியில் ஏறிய ஆவிதான் எங்கள் அலுமாரியின் அடிப்பலகையை உப்ப வைத்தது. ஓவனை யன்னலோரத்துக்கு மாற்றி, மேலே ஒன்றும் இல்லாமல் வைத்த பிறகு பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் துணியே காயாத ஊர் இது. இடம் பார்க்காமல் வாங்கினால் ஒரு மாதத்தில் சுவரில் பூஞ்சணம் பூத்துவிடும்.

கதவு ரப்பர் ஐந்தாம் மாதத்தில் இடது கீழ் மூலையில் விட்டுவிட்டது. கடைக்கு மூன்று தடவை கோல் எடுத்தேன். "ஐயா, பார்ட் கொழும்பிலிருந்து வரணும்" என்றார்கள். ஆறு வாரம் கழித்து வந்தது. அதுவரைக்கும் அந்த மூலைக்குக் கீழே ஒரு டம்ளர்.

வேலை முடிந்ததும் கதவை உடனே திறக்காதீர்கள். பொயிலரை நிறுத்தி, காற்றாடி ஹீட்டரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்காது, உள்ளேயும் காய்ந்திருக்கும். உலர்த்துவதற்குத் தனி பட்டன் வைத்திருந்தால் எவ்வளவோ நல்லது.

உப்புப் படிவு எங்களுக்குப் பெரிய தலைவலி இல்லை, மலைத்தண்ணீர் மென்மையானது. எட்டு மாதத்தில் ஒரே ஒரு தடவை சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றிக் கழுவினேன். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் பாவிப்பவர்கள் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

பாணுக்கு இது அருமை. முதல் பத்து நிமிடம் கொஞ்சம் ஆவி, அப்புறம் 190 டிகிரி உலர் சூடு: போறணைப் பாண் மாதிரியே மேல் பட்டை முறுகலாக வருகிறது. பழைய ரொட்டியைச் சூடாக்கினாலும் காயாது. தோட்டத்து வீட்டில் ஒரு பிளக்கில் எல்லாம் ஓடுகிறவர்கள் மட்டும் வயரிங்கைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். 2,200 வாட் இழுக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வாங்கப் போகிறவர்கள் கடையில் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டுக் கூரைத் தகட்டைத் தடவிப் பாருங்கள். வளைவு இருந்தால் எடுங்கள். தட்டையாக இருந்தால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.