இளம் அடிப்பாளரைக் கேட்சராக்கலாமா? பேஸ்பால் சாவன்ட் சேவை குறித்த மதிப்பீடு

பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் வலிமை கொண்ட ஓர் இளைஞரை அடிப்பாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் முழுநேரக் கேட்சராக்குவதா, உடல் சிரமம் குறைந்த முதல் பேஸுக்கோ வெளிக்களத்துக்கோ மாற்றி அவருடைய பேட்டிங்கைக் காப்பதா என்று ஆராய்பவர்களுக்கு, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் கட்டணமின்றி வழங்கும் பேஸ்பால் சாவன்ட் என்ற புள்ளிவிவரச் சேவையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் முடிவை அதனிடமே ஒப்படைத்துவிடக் கூடாது.

அதன் மிகச் சிறந்த பகுதி பாப் டைம் அட்டவணை. பிட்சர் வீசிய பந்து கேட்சரின் கையுறையில் பட்ட கணம் முதல், அவர் எறியும் பந்து இரண்டாம் பேஸைச் சென்றடையும் வரையிலான நேரமே பாப் டைம்; அது குறையக் குறைய, பந்து வீசப்படும்போதே அந்த பேஸுக்கு ஓடும் எதிரணி வீரரை ஆட்டமிழக்கச் செய்வது எளிது. மேஜர் லீக் சராசரி ஏறத்தாழ 2.0 விநாடி. இந்த அட்டவணை அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடாமல், கையுறையிலிருந்து பந்தை எடுத்து விடுவிக்கும் நேரத்தையும் எறியும் வேகத்தையும் தனித்தனியே காட்டுகிறது. கைமாற்றத்தையும் கால்வைப்பையும் பயிற்சியால் செம்மைப்படுத்தலாம், தோளின் வலுவை அந்த அளவுக்குக் கூட்ட முடியாது. ஆகவே ஒரே பாப் டைம் கொண்ட இரு இளைஞர்களில் எவருக்காகக் காத்திருக்கலாம் என்பதை இங்கே கண்டுகொள்ள முடிகிறது.

அடிப்பாளருக்கு எதிரே உள்ள கற்பனைக் கட்டத்தின் ஓரத்தில் வரும் பந்துகளை, அம்பயர் ஸ்ட்ரைக் (அடிப்பாளருக்குப் பாதகமான, கட்டத்துக்குள் வந்த பந்து) என அறிவிக்கும்படி பிடிக்கும் ஃப்ரேமிங் திறனுக்கும் ஓர் அட்டவணை உண்டு. 2026 பருவம் முதல் அம்பயரின் இந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையிட ஒவ்வோர் அணிக்கும் 2 வாய்ப்புகள் தரப்படுவதால், அந்த எண்ணுக்கு முன்பிருந்த எடையை நான் தர மாட்டேன்.

சேவையின் பெருங்குறை, கேட்சரின் உடல் தரும் விலை அதில் பதிவாகாததுதான். கேட்சராக இருந்தபடியே மூன்று பேட்டிங் பட்டங்களை (பருவத்தின் உயர்ந்த பேட்டிங் சராசரிக்கு உரியவை) வென்ற ஜோ மவர், 2013இல் மூளையதிர்வுக்கு ஆளாகி, 2014இல் முதல் பேஸுக்கு மாறினார். சாவன்டுக்குத் தரவு தரும் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டுக் கருவிகள் எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்கும் வந்ததோ, அவர் கேட்சர் இடத்தை விட்ட பிறகு, 2015இல்தான். மேஜர் லீக்குக்குக் கீழே இளைஞர்கள் வளரும் மைனர் லீக்கின் எல்லா நிலைகளுக்கும் இத்தகைய தரவு கிடைப்பதில்லை என்பதும் இன்னொரு குறை.

2025ஆம் பருவத்தைப் பாருங்கள். கேட்சராகவே நீடித்த சியாட்டிலின் கேல் ராலி 60 ஹோம் ரன்களும் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகள்), கல்லூரியில் கேட்சராக ஆடிப் பின்னர் அந்த இடத்தை விட்டு விலகிய ஃபிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பர் 56 ஹோம் ரன்களும் அடித்தனர். ராலி 2024இல் சிறந்த தடுப்பாட்டத்துக்கான பிளாட்டினம் கையுறை விருது பெற்ற அளவுக்குத் தேர்ந்த கேட்சர் என்பதையும், அந்த 60இல் ஒரு பகுதியைப் பீல்டிங் பொறுப்பின்றி, பேட்டிங் மட்டும் செய்த நாட்களில் அடித்தார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆகவே, தோள் வலுவும் பந்தைத் தடுக்கும் திறனும் சராசரியை எட்டும் இளைஞரைக் கேட்சராகவே வைத்திருந்து, வாரத்தில் ஓரிரு நாள் பேட்டிங்குக்கு மட்டும் இறக்குவதே சரி. அவை எட்டாதவருடைய பேட்டிங் மேஜர் லீக்குக்குத் தயாராகிவிட்டால், கேட்சர் திறன் வளரட்டும் என்று அவரைக் காத்திருக்க வைப்பது அநியாயம்.