சாக்பீஸா, ஸ்ப்ரேயா, போரிக் சர்க்கரைத் தண்ணீரா? சமையலறை எறும்புக்கு எது சரி

எறும்புக்கென்று கடையில் விற்கும் எல்லாமே எறும்பைக் கொல்லும். சாக்பீஸ் கொல்லும், ஸ்ப்ரே கொல்லும், பொடியும் கொல்லும். அதனால் "எது நன்றாகக் கொல்லும்" என்று கேட்டு வாங்குவதில் பயனில்லை. அடுத்த மாதம் அதே மூலையிலிருந்து மறுபடியும் சாரை சாரையாக வருமா என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் போரிக் பவுடர் கலந்த சர்க்கரைத் தண்ணீருக்கு மாறினோம். எங்களுடையது தரைத்தள வீடு. ஐப்பசி மழை தொடங்கினால் மண்ணுக்குள் தண்ணீர் இறங்கி, கூட்டை விட்டு எறும்புகள் மேலேறி வீட்டுக்குள் வந்துவிடும். என் சாய்வு போரிக் தண்ணீர் பக்கம்தான். மற்றவற்றையும் பயன்படுத்தியிருப்பதால் அவை எங்கே உதவும் என்றும் சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் வந்திருப்பது எந்த எறும்பு என்று பாருங்கள். கறுப்பாக, கால் நீண்டு, அங்குமிங்கும் தறிகெட்டு ஓடுகிறது, கடிப்பதில்லை என்றால் அது பிள்ளையார் எறும்பு. இன்னொரு வகை உண்டு. சர்க்கரை டப்பா மூடியின் மரைக்குள் நுழைந்துவிடும் அளவுக்குப் பொடி எறும்பு. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தலை கறுப்பு, வயிறும் காலும் வெளிறிப்போய் இருக்கும். வெள்ளை டைல்ஸில் ஓடும்போது கறுப்புப் புள்ளிகள் மட்டும் நகர்வதாகத் தெரியும். விரலில் நசுக்கி மோந்தால் கெட்ட தேங்காய் வாடை வரும். பேய் எறும்பு என்பது இதுதான். உடம்பு முழுக்க வெளிர் மஞ்சளாக, ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் ஃபாரோ எறும்பாக இருக்கலாம். கடித்த இடம் தீப்பட்டதுபோல் எரிந்தால் அது செவ்வெறும்பு, அதற்கு வைத்தியம் வேறு. கட்டெறும்பு பெரும்பாலும் வெளியே மண்ணில் குடியிருந்துகொண்டு தின்னத்தான் உள்ளே வரும்.

மழை விட்ட மாலையில் சிறகு முளைத்து விளக்கைச் சுற்றுவது எறும்பா ஈசலா என்றும் பார்த்துவிடுங்கள். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்சிறகு பின்சிறகைவிட நீளம். ஈசலுக்கு இடுப்பே தெரியாது, நான்கு சிறகும் ஒரே அளவு. வீட்டுக்குள் சுவர் ஓரத்திலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ ஈசல் கிளம்பினால் அங்கே கறையான் இருக்கிறது. அதற்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் உதவாது. கறையான் வேலை தெரிந்தவரை உடனே கூப்பிடுங்கள்.

சாக்பீஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் இருப்பது டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்து. கோட்டைத் தாண்டும் எறும்பு சாகும், மற்றவை கோட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழி பார்க்கும். ஈரத்துணியால் மேடையைத் துடைத்தால் கோடும் போய்விடும். எனக்கு இதில் பெரிய பயம், பார்ப்பதற்கு எழுதும் சாக்பீஸ் மாதிரியே இருப்பது. சிலேட்டில் எழுதும் வயதில் குழந்தை உள்ள வீட்டில் இதை வைத்திருக்கவே கூடாது என்பேன்.

பொடியும் ஏறக்குறைய அப்படித்தான். நம் பெற்றோர் காலத்தில் வாசல் ஓரமெல்லாம் தூவிய பி.எச்.சி. பவுடரை இந்தியா 1997இல் தடை செய்துவிட்டது. இப்போது வரும் பொடிகளில் வேறு மருந்து. பாக்கெட்டில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும், அதன் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. வெளிச்சுவர் ஓரத்துக்கும் தோட்டத்துப் புற்றுக்கும் பொடி சரி. சமையலறைக்குள் மின்விசிறிக் காற்றில் பறந்து பாத்திரத்தில் படியும் ஒன்றை நான் தூவ மாட்டேன்.

ஸ்ப்ரே விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். அடித்தவுடன் வரிசை அப்படியே சுருண்டு விழும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் நம் கண்ணில் படுவது இரை தேட வந்த கூட்டம் மட்டும். கூட்டுக்குள் ராணியும் புழுக்களும் மீதி வேலைக்கார எறும்புகளும் அப்படியே இருக்கின்றன. போன எறும்புகளுக்குப் பதில் புதியவை வரும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். ஒரு கூட்டுக்கு ஒரே ராணி என்பது எல்லா எறும்புக்கும் பொருந்தாது. பேய் எறும்பு, ஃபாரோ எறும்பு இரண்டின் கூட்டிலும் ராணிகள் பல. மருந்து பட்டுக் கூடு கலைந்தால், ஒரு ராணியும் கொஞ்சம் வேலைக்கார எறும்புகளும் சில புழுக்களைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். சிங்க்குக்குப் பின்னால் இருந்த ஒரு கூடு, ஜன்னல் சட்டத்தில் ஒன்று, சுவிட்ச் போர்டுக்குள் ஒன்று, கதவு நிலையில் ஒன்று என்று பெருகிவிடும். ஃபாரோ எறும்பு புகுந்த மருத்துவமனைகளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், எறும்பு தின்னும் இரையில் நஞ்சைக் கலந்த இரை மருந்தே வையுங்கள் என்று பூச்சியியல் வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். "எவ்வளவு அடித்தாலும் போகமாட்டேன் என்கிறது, இப்போது படுக்கையறையிலும் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அங்கே இருப்பது பேய் எறும்பாக இருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். ஸ்ப்ரேயைச் சுவிட்ச் போர்டுக்குள் அடிப்பதை அறவே விடுங்கள். பல ஸ்ப்ரேக்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. வீட்டில் மீன் தொட்டி இருந்தாலோ பூனை வளர்த்தாலோ இன்னும் கவனம் தேவை, இரண்டுக்குமே பைரித்ராய்டு ஆகாது.

இரை மருந்து இதற்கு நேர் எதிர். இங்கே எறும்பு உடனே சாகக் கூடாது. வளர்ந்த வேலைக்கார எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது, திரவத்தைத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதை வயிற்றில் தேக்கி எடுத்துப்போய், கூட்டில் மற்ற எறும்புகளுக்கும் புழுக்களுக்கும் ராணிக்கும் வாயோடு வாய் வைத்து ஊட்டும். மெதுவாக வேலை செய்யும் நஞ்சு அந்தத் திரவத்தில் இருந்தால், நாம் எட்ட முடியாத சுவருக்குள் அந்த எறும்புகளே அதைக் கொண்டு சேர்த்துவிடும்.

அதற்குப் போரிக் ஆசிட் போதும். கேரம் போர்டில் தூவும் பவுடர் பலவற்றில் இருப்பது இதுதான். ஆனால் எல்லா கேரம் பவுடரும் போரிக் அல்ல, பாக்கெட்டில் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். கரண்டிக் கணக்கில் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, பவுடர் கால் தேக்கரண்டி. முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள்.

பவுடரைக் கூட்டிப் போட்டால் வேகமாக முடியுமே என்று தோன்றும். கூடாது. அளவு ஏறினால் சில எறும்புகள் வாயே வைக்காது, வாய் வைத்தவை கூடு போய்ச் சேருமுன் வழியிலேயே செத்துவிடும். போரிக்கையும் சர்க்கரையையும் பொடியாகப் பாதிக்குப் பாதி கலந்து தூவச் சொல்லும் குறிப்புகளை நான் பின்பற்றாததற்கும் இதுவே காரணம். திடப்பொருளை விழுங்க முடியாத எறும்புக்குப் பொடியை வைப்பதில் அர்த்தமில்லை.

பாட்டில் மூடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு இந்தத் தண்ணீரை ஊற்றி, எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். வரிசையைத் துடைக்காதீர்கள், அந்த வாசனைத் தடம்தான் மற்றவற்றைக் கூட்டி வரும். கொஞ்ச நேரத்தில் பஞ்சைச் சுற்றி வட்டமாக மொய்த்துத் தலையைக் குனிந்து குடிக்கும். பேய் எறும்பாக இருந்தால் வெளிறிய வயிறு உப்பிக் கண்ணாடி மணிபோல் ஆவது வெறும் கண்ணுக்கே தெரியும். உப்பிய வயிற்றோடு ஒவ்வொன்றாகச் சுவர் விரிசலுக்குள் திரும்பிப் போவதைப் பார்த்தால், மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

முதல் நாள் கூட்டம் முன்பைவிடப் பல மடங்கு பெருகும். அங்கேதான் பொறுமை போய் ஸ்ப்ரேயை எடுப்பார்கள், எடுத்தால் எல்லாம் வீண். சில நாளில் வரிசை மெலியும். பெரிய கூடென்றால் வாரக்கணக்கில் ஆகும். சர்க்கரைத் தண்ணீர் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் இரண்டு நாளுக்கொரு முறை மாற்றுங்கள். இந்தச் சமயத்தில் மேடையில் வேறு இனிப்பு சிந்தியிருந்தால் அவை இதை நாடாது.

போரிக் வீட்டுப் பொருள்தானே என்ற அலட்சியம் வேண்டாம். குழந்தை குடித்தால் ஆபத்து. பக்கவாட்டில் சின்னத் துளை போட்ட மூடிய டப்பாவுக்குள் பஞ்சை வைத்து, டப்பாவை சிங்க் அடியிலோ பரண் ஓரத்திலோ கைக்கு எட்டாமல் வையுங்கள். மீதித் தண்ணீர் பாட்டிலில் பெரிதாக "விஷம்" என்று எழுதி ஒட்டுங்கள்; சமையலறை அலமாரியில் அது இருக்கவே வேண்டாம்.

கடையில் வாங்கும் ஜெல்லும் இதே வழியில் வேலை செய்வதுதான். கலக்கும் வேலை இல்லை, துளித்துளியாக வைத்தால் போதும், அளவும் தவறாது. கரப்பானுக்கென்று விற்பதை வாங்கிவிடாமல் எறும்புக்கானதா என்று பார்த்து வாங்க வேண்டும். நான் இதை அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் போரிக்கைவிட மேல் என்றோ கீழ் என்றோ அடித்துச் சொல்ல மாட்டேன். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாட்டில் கணக்கில் போரிக் தண்ணீர் வைத்திருப்பதைவிட ஜெல் நல்லது என்று மட்டும் தோன்றுகிறது.

மஞ்சள் தூள், கற்பூரம், சர்க்கரை டப்பாவில் கிராம்பு இவையெல்லாம் அந்த இடத்தைக் காக்கும், கூட்டை ஒன்றும் செய்யாது. பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது இவற்றில் தலைசிறந்தது.

போரிக் தண்ணீர் தோற்கும் இடங்களும் உண்டு. எண்ணெய்ப் பண்டம், கருவாடு, செத்த பூச்சி என்று மொய்க்கும் எறும்பு சர்க்கரையைச் சீண்டாமல் போகலாம். ஒரு காகிதத்தில் ஒரு சொட்டு சர்க்கரைப் பாகும் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் வைத்து எதற்கு வருகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். செவ்வெறும்புக்கு எண்ணெய் கலந்த இரைதான் பொருந்தும் என்கிறார்கள். முற்றத்துப் புற்றில் கொதிநீர் ஊற்றியதைத் தவிர எனக்கு அதில் அனுபவம் இல்லை. மாடித் தோட்டத்துச் செம்பருத்தியில் எறும்பு ஏறினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மாவுப்பூச்சி இருக்கும். அது சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. மாவுப்பூச்சியை ஒழிக்காமல் எறும்பு போகாது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் பெருகிய மஞ்சள் எறும்பு போன்ற ஊர் அளவிலான தொல்லைக்கு வீட்டு வைத்தியம் எட்டாது.

அடுக்குமாடியில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் எறும்பு வந்தால் பூச்சி மருந்துக்காரரைக் கூப்பிடுவதே சரி, கூடு எந்த வீட்டுச் சுவரில் இருக்கிறதோ தெரியாது. வருபவரிடம் முதலிலேயே கேளுங்கள்: ஜெல் வைப்பீர்களா, ஸ்ப்ரே அடிப்பீர்களா? உள்ளே ஸ்ப்ரே மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஜெல் என்றால், அவர் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் யாரும் சாக்பீஸ் கோடு போடாமல், ஸ்ப்ரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாடை இருந்தால் எறும்பு ஜெல் பக்கம் வராது. வரிசை முழுக்க நின்ற பிறகு டைல்ஸ் இடுக்கையும் குழாய் நுழையும் ஓட்டையையும் வெள்ளை சிமென்டால் அடையுங்கள். அதற்கு முன்னால் அடைத்தால் இரை கூட்டுக்குப் போகும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும்.