வாங்க வந்தவரைத் தவறவிடாமல் இருக்க எது உதவும்? ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப்பில் பலர் தொடாத வசதிகள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம், கேக் செய்து விற்பவர்கள் வாசலில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது. வீட்டிலிருந்தே நடத்தும் சிறு தொழிலுக்கு வீவக இடம் தருகிறது. ஆனால் விளம்பரப் பலகையோ சுவரொட்டியோ வைக்கக்கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே பொங்கோலிலோ உட்லண்ட்ஸிலோ பத்தாவது மாடியில் சமைக்கிற ஒருவருக்கு ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும்தான் கடை முகப்பு.

அந்த முகப்பைப் பலரும் படம் போடுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். போதாததற்கு, பதிவை 'பூஸ்ட்' செய்ய, அதாவது இன்னும் பலர் கண்ணில் படவைக்க, காசும் கட்டுகிறார்கள். அதே பக்கத்தில் இலவசமாகக் கிடக்கும் வசதிகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் கருத்து இது: பார்வையாளர் எண்ணிக்கையைக் கூட்டும் வசதிகளைவிட, விலை கேட்டு வந்தவரைக் கைவிடாமல் ஆர்டர் வரை கொண்டுபோகும் வசதிகளே இங்குள்ள தமிழ்ச் சிறு வணிகருக்கு முதலில் தேவை. சிங்கப்பூரில் நம் சந்தை சின்னது. ராத்திரி பதினொரு மணிக்கு விலை கேட்டவருக்கு மறுநாள் மதியம் பதில் போனால், அதற்குள் அவர் வேறு ஓர் அக்காவிடம் சொல்லி முடித்திருப்பார்.

பிராட்காஸ்ட் லிஸ்ட், சேனல், குரூப்

அதிகக் குழப்பம் இந்த மூன்றில்தான். மூன்றும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கின்றன, மூன்றும் பலருக்கு ஒரே நேரத்தில் செய்தி அனுப்புகின்றன. ஆனால் வாங்குபவர் பக்கத்தில் மூன்றும் வேறு வேறு.

குரூப் தொடங்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். விற்பனைக்கு அது சரிவராது என்றே சொல்வேன். சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணையும் மற்றவர்கள் பார்க்கலாம். புடவை வாங்க வந்த ஒரு பெண்ணின் எண் அறிமுகமே இல்லாத நூறு பேர் கைக்குப் போவதை எந்த வணிகரும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

சேனல் இதற்கு நேரெதிர். 2023 ஜூன் மாதம் வாட்ஸ்அப் இந்த வசதியை உலகிலேயே முதலில் கொலம்பியாவிலும் சிங்கப்பூரிலும்தான் கொண்டுவந்தது. அப்படியிருந்தும் இங்குள்ள சிறு வணிகர்கள் பலர் அதைத் தொட்டதில்லை. பின்தொடர்பவர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. யார் வேண்டுமானாலும் தாமாகவே சேரலாம், பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் விலகலாம். குறை என்னவென்றால் அது ஒருவழிப் பாதை. "ரெண்டு கிலோ எனக்கு" என்று அங்கேயே ஆர்டர் சொல்ல வழியில்லை. பதிவுகளும் 30 நாள்வரைதான் நிற்கும். எனவே ஒவ்வொரு பதிவின் அடியிலும் உங்கள் எண்ணுக்கான வாட்ஸ்அப் இணைப்பைப் போட்டே ஆகவேண்டும். அதைத் தட்டினால் உரையாடல் நேராகத் திறந்துகொள்ளும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் மூன்றில் பழையது. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போய்ச் சேரும், பதிலும் உங்களுக்கு மட்டும் தனியாக வரும். விற்பனைக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடவில்லை" என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். முதல் ஆர்டரைக் கொடுக்கும்போதே "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பட்டியல் அனுப்புகிறேன்" என்று கேட்டு வைப்பது நல்லது.

அப்புறம் சட்டம். விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளும் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு சிங்கப்பூரில் 2014 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. தொலைபேசி எண்ணுக்குப் போகும் வாட்ஸ்அப் விளம்பரச் செய்திகளும் அதற்குள் அடங்கும். எங்கோ கிடைத்த எண்களைப் பட்டியலில் சேர்த்து அனுப்புவது தப்பு மட்டுமல்ல, அபராதத்தில் கொண்டுபோய்விடும். தாமாகவே வந்து சேர்பவர்களைக் கொண்ட சேனல் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. வழக்கமாக வாங்குபவர்களிடம் தெளிவான ஒப்புதல் வாங்கி லிஸ்ட், புதியவர்களுக்குச் சேனல் என்று பிரித்துக்கொள்ளலாம் என்பதே என் தேர்வு.

விலை கேட்டு வருபவரிடம்

இந்த இடத்தில் சிறு வணிகர்களுக்கான தனிச் செயலியான வாட்ஸ்அப் பிஸினஸ் தெளிவாக முந்துகிறது. அதன் கேட்டலாகில் (பொருள் பட்டியலில்) 500 பொருள்கள்வரை படமும் விலையுமாக அடுக்கலாம். வாடிக்கையாளர் வேண்டியதைக் கூடையில் போட்டு, அதையே ஒரு செய்தியாக அனுப்பிவிடலாம். இன்ஸ்டகிராமில் இதற்கு ஈடாகப் பலர் வைத்திருப்பது ஹைலைட்டில் (பக்கத்தின் மேலே நிலையாக நிற்கும் ஸ்டோரித் தொகுப்பில்) சேர்த்த விலைப்பட்டியல் படம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விலை மாறினால் படத்தை மறுபடியும் செய்யவேண்டும், வாங்குபவரும் பொருளின் பெயரைத் தட்டச்சு செய்து கேட்கவேண்டும்.

புடவை விற்பவர்கள் ஃபேஸ்புக் லைவை நம்புகிறார்கள். அந்தக் கலகலப்புக்கு ஈடில்லை, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் லைவில் பொருளைக் குறியிட்டு விற்கும் வசதியை ஃபேஸ்புக் 2022 அக்டோபர் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2025 பிப்ரவரி 19 முதல் புதிய லைவ் காணொளிகள் பக்கத்தில் 30 நாள்தான் இருக்கும், அதற்குப் பின் அழிந்துவிடும். லைவ் முடிந்த கையோடு காணொளியை இறக்கி வைத்துக்கொண்டு, மீதமுள்ள புடவைகளைக் கேட்டலாகில் ஏற்றிவிட்டால் உழைப்பு வீணாகாது.

கேட்டலாகைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது லேபிள். ஒவ்வோர் உரையாடலுக்கும் வண்ணத்தில் ஒரு சீட்டு ஒட்டும் வசதி அது. 20 லேபிள்வரை நம் விருப்பம்போல் பெயர் வைக்கலாம்: 'பணம் வரவேண்டும்', 'தேக்காவில் வாங்குவார்', 'சனிக்கிழமை டெலிவரி', 'அதிரசம்'. தீபாவளிக்கு முந்தின வாரம் ஆர்டர்கள் குவியும்போது யார் பணம் கட்டினார், யார் கட்டவில்லை என்று மேலும் கீழும் தேடும் அவதி இதனால் தீர்கிறது. அடுத்த ஆண்டு, 'அதிரசம்' லேபிள் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தி அனுப்பவும் முடியும். கூடவே குயிக் ரிப்ளை: பணம் கட்டுவதற்கான பேநவ் கியூஆர் படத்தையும் விலை விவரத்தையும் ஒருமுறை சேமித்துவிட்டால், சாய்கோட்டுக் குறியை (/) தட்டி இரண்டு எழுத்து போட்டதும் வந்து நிற்கும். அதைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம்.

ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களை நிர்வகிக்க உதவும் மெட்டா பிஸினஸ் சூட்டிலும் லேபிளும் சேமித்த பதில்களும் உண்டு. அவை இரண்டிலும் வரும் செய்திகளை ஒரே பெட்டியில் காட்டும். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் போகவும் அமைக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கத்தைப் பார்க்கிற கடைக்கு இதுவே மேல். தனியாளாக, ஒரு கையில் கரண்டியும் மறுகையில் கைப்பேசியுமாக இருப்பவருக்கு வாட்ஸ்அப் போதும். ஃபேஸ்புக் பக்கத்தின் முகப்பில் உள்ள பொத்தானை வாட்ஸ்அப்புக்குத் திருப்பிவிட்டால் வேலை ஒரே இடத்துக்கு வந்துவிடும்.

புதியவர் கண்ணில் பட

இதில் இன்ஸ்டகிராமின் 'கொலாப்' பதிவுக்கே என் ஓட்டு. பதிவு போடும்போது இன்னொரு பக்கத்தை இணைப்பாளராக அழைக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டால் ஒரே பதிவு இருவர் பக்கத்திலும் தெரியும், லைக்கும் கமெண்டும் பொதுவாக இருக்கும். புடவைக் கடையும் ஆரி வேலை செய்யும் தையல்காரரும், அல்லது கேக் செய்பவரும் விழா அலங்காரம் செய்பவரும் சேர்ந்தால் இருவர் வாடிக்கையாளர்களும் கலந்துகொள்கிறார்கள். ஒரு காசு செலவில்லை. பூஸ்டுக்குப் பணம் போட்டால் வருபவர்கள் யாரோ எவரோ. இங்கே வருபவர்கள் ஏற்கெனவே புடவை வாங்கியவர்கள், அடுத்து ரவிக்கை தைக்க ஆள் தேடுபவர்கள்.

ஃபேஸ்புக் ஈவென்டுக்கு வேறு பயன். தீபாவளிச் சந்தையில் கடை போடுகிறீர்கள் என்றால் நாள், இடம், நேரத்தோடு ஓர் ஈவென்ட் தொடங்குங்கள். ஆர்வம் உள்ளதாகக் குறித்தவர்களுக்கு ஃபேஸ்புக்கே நினைவூட்டும். சாதாரணப் பதிவு இரண்டே நாளில் கீழே போய்விடும். ஆனால் தினசரி வியாபாரத்துக்கு ஈவென்ட் உதவாது.

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிஸினஸ் புரொஃபைலைச் சமூக ஊடகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதை விட்டுவிட மனமில்லை. கடை வைத்திருப்பவர்கள் பண்டிகை நாள்களுக்குத் தனி நேரத்தைப் பதிந்து வைக்கலாம். சிராங்கூன் ரோட்டுக்கு எம்ஆர்டி ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் நிலை வராது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் வட்டாரத்தை மட்டும் காட்டலாம். அங்கிருந்த அரட்டை வசதி 2024 ஜூலை இறுதியோடு நின்றுவிட்டது. ஆகவே தொலைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீட்டுச் சமையல்காரருக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் லேபிள், பிறகு கேட்டலாக், பிறகு சேனல். தையல், அலங்காரம், மருதாணி போன்ற கண்ணால் பார்த்து முடிவுசெய்யும் தொழில்களுக்குக் கொலாப் முதலில் வரவேண்டும். துணைப்பாட ஆசிரியருக்கு இவை எதுவும் அவ்வளவு தேவையில்லை. பெற்றோர் தேடுவது நம்பிக்கையை. ஃபேஸ்புக் பக்கத்தில் பரிந்துரைகளைத் திறந்து வைத்து, வகுப்பு நேரமும் கட்டணமும் உள்ள ஒரு பதிவை மேலே பின் செய்துவிட்டால், அவருக்கு இந்த ஆண்டுக்கு அதுவே போதும்.