ஏற்றத்தில் காது, இறக்கத்தில் கண்ணாடி

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240-இல். நடுவே 18 கிலோமீட்டர் சாலை. அந்தச் சாலையில் குன்னூர்ப் பக்கம் உள்ள அருவங்காட்டில் நான் குடியிருக்கிறேன், ஊட்டிக்கு வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன். காலையில் மிதித்து ஏறும்போது நடையைவிடக் கொஞ்சம்தான் வேகம். மாலையில் மிதிக்காமலேயே 35, 40-ஐத் தொட்டுவிடும். சைக்கிளுக்கு என்ன மாட்டலாம் என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, “ஏறுவதற்கா, இறங்குவதற்கா?” என்றுதான்.

கண்ணாடியா, காதா?

ஏறும்போது காது போதும். பின்னால் பேருந்து முதல் கியரில் உறுமிக்கொண்டு வருவது இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டுவிடும். இறங்கும்போது காற்று காதை அடைத்துவிடுகிறது. கீழிறங்கும் காரின் எஞ்சினும் அவ்வளவாகச் சத்தம் போடாது. அப்போது ஹேண்டில்பார் கண்ணாடிதான் துணை. ஆனால் குவிந்த கண்ணாடி வண்டியை இருப்பதைவிடத் தள்ளிக் காட்டும். ஒதுங்குவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். பனிமூட்டத்தில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி படிந்துவிடும், அன்றைக்கு வேகத்தைக் குறைத்துக் காதை மீட்பதுதான் வழி.

ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். ஹார்ன் சத்தம் மேல் வளைவிலிருந்தா, கீழ் வளைவிலிருந்தா என்று பிரித்தறிய இரண்டு காதும் வேண்டும்.

ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?

நான் அதிகம் யோசித்தது இதில்தான். ரிம் பிரேக் சக்கரத்தின் விளிம்பை, அதாவது ரிம்மை, அழுத்திப் பிடிக்கும். அதன் ரப்பர் கட்டை மலிவு, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், நாமே மாற்றிவிடலாம். வெயில் நாளில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐப்பசி மழையில்தான் சங்கடம். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் தண்ணீரை வழிக்க வேண்டும், அதன் பிறகே பிடிக்கும். அதற்குள் சக்கரம் சில சுற்று ஓடிவிடுகிறது. டிஸ்க் பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் சேறு அவ்வளவாக எட்டாது, மழையிலும் உடனே பிடிக்கும். வேகம் 20-லிருந்து 40 ஆனால் பிரேக் பிடித்த பின் நிற்கும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இந்தக் கணக்கோடு பார்த்தால் அந்தச் சில சுற்றின் விலை புரியும். மழைக்காலத்திலும் ஓட்டுகிறவருக்கு டிஸ்க்தான் என்பது என் முடிவு.

எதை மாட்டினாலும் இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்தியபடியே வரக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க்கை அழுத்தும் பேட் பளபளத்துப் பிடிப்பு போய்விடும். வளைவுக்கு முன்பே நேர்ப்பாதையில் விட்டு விட்டு அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். நனைந்த கற்பூர மர இலை கிடக்கும் வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். நான் ஒருமுறை விழுந்தேன். பின்னால் வண்டி எதுவும் வராததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

ஓரமா, நடுவா?

ஏறும்போது இடது ஓரம். மெதுவாகப் போகிறோம், பின்னால் வருகிறவர் கடந்து போகட்டும். இறங்கும்போது வளைவுகளில் இடப்பக்கத் தடத்தின் நடுவில் வாருங்கள். ஓரத்தில்தான் சரளை, இலை, சாக்கடைப் பள்ளம் எல்லாம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் கார்க்காரர் வளைவிலேயே முந்தப் பார்ப்பார். எதிரே ஒருவர் ஏறி வந்தால் மூன்று பேருக்கும் இடமிருக்காது. குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. ஆனால் சைக்கிளையும் வண்டியாக எண்ணுவார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

விளக்கு

பகலில் மினுக்கும் விளக்கு கண்ணை இழுக்கும். இருட்டிலும் மூட்டத்திலும் மினுக்கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓட்டுநரால் மட்டிட முடியாது, நின்று எரியும் சிவப்பே மேல். நான் பின்னால் இரண்டும் வைத்திருக்கிறேன். முன்விளக்கைத் தாழ்வாக, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டுங்கள். ஹெல்மெட்டில் மாட்டிய விளக்கு கேத்திப் பக்கத்து மூட்டத்தில் கண்ணெதிரே வெள்ளைச் சுவரைத்தான் எழுப்பும். சட்டையில் ஒட்டும் ஒளிர்பட்டையை விட, கணுக்காலில் கட்டிய பட்டை மிதிக்க மிதிக்க ஏறி இறங்கி, வருவது ஆள் என்று காட்டிவிடுகிறது.

மணியா, மௌனமா?

சந்தைக் கூட்டத்தில் மணி. கண்ணாடி ஏற்றிய காருக்கு அது கேட்காது. அந்தி நேரத்தில் தேயிலைத் தோட்ட ஓரம் காட்டெருமை நின்றால் மணியும் வேண்டாம், விளக்கை அதன் முகத்தில் அடிக்கவும் வேண்டாம். தூரத்திலேயே இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நில்லுங்கள். அது சாலையைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் பொறுங்கள், பின்னால் கன்று வரும்.